செத்தவங்க யாரு? - ராமன் ராகவ் வழக்கை முன்வைத்து

1

ஏற்காட்டு மலையில் இருக்கிற மாரமங்கலம் என் அம்மா பிறந்த ஊர். சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு அங்கே ஒரு குழி நிலம் கிடையாது. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தான். அதன் பிறகு காடு தோட்டமாச்சு. தோட்டத்துக்குக் கூலி வேண்டியிருந்தது. கீழ்நாட்டிலிருந்து மூட்டை முடிச்சோடு ஏறிவந்த பறைச் சனங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. மலைக்கு உரியவர்கள் மலையாளிப் பழங்குடிகள். பேர்தான் மலையாளி, பேசுவது தமிழ். அவர்கள் நாட்டில் நாங்கள் லைன் வீட்டு ஜனம். மூணு தலைமுறை காப்பிப் பழம் பறித்தும் 'கீழ இருந்து வந்தவங்க' என்ற பேச்சு இன்னும் போகவில்லை.

அந்த ஊரில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். அம்பேத்கர் படிப்போம், விண்ணப்பம் எழுதச் சொல்லித்தருவோம், சிலநாள் படம் போடுவோம். போன மழைக்காலத்தில் பையன்கள் ஒரே பிடியாகப் பிடித்தார்கள். 'அக்கா, சைக்கோ படம் ஒண்ணு போடுங்க.' ராட்சசன் பார்த்திருக்கிறார்கள், போர் தொழில் பார்த்திருக்கிறார்கள். தொடர்கொலைகாரன் ஒருத்தன், அவனைத் துரத்துகிற போலீஸ்காரன் ஒருத்தன். இந்தச் சட்டகம் அவர்களுக்கு மனப்பாடம். சரி என்று இந்தியில் அனுராக் காஷ்யப் 2016இல் எடுத்த 'ராமன் ராகவ் 2.0' படத்தைச் சுவரில் வேட்டி கட்டிப் போட்டோம். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

என் ஆயாவும் வந்து உட்கார்ந்திருந்தாள். எண்பது தாண்டிவிட்டது. படம் பார்க்க வரவில்லை. இருட்டில் என்னோடு திரும்பிப் போகத் துணைக்கு வந்தாள். பையன்கள் கைதட்டிய இடத்திலெல்லாம் அவள் சும்மா இருந்தாள். படம் முடிந்து வேட்டியை அவிழ்க்கும்போது கேட்டாள்.

'இது நெசமா நடந்ததா கண்ணு?'

'படத்துல காட்றது கதை ஆயா. ஆனா அந்தப் பேருல ஒருத்தன் நெசமாவே இருந்தான். பொம்பாயில. ரோட்டுல படுத்திருந்தவங்களைக் கொன்னான்.'

'எப்ப?'

'அறுபத்தஞ்சு, அறுபத்தாறுல. அப்பறம் மறுபடி அறுபத்தெட்டுல.'

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'செத்தவங்க யாரு?' என்றாள்.

நான் ஆரம்பித்தேன். கொன்றவன் பேர் ராமன் ராகவ், சிந்தி தல்வாய் என்றும் சொல்வார்கள். பிடித்தவர் அலெக்ஸ் ஃபியால்ஹோ என்கிற சப்-இன்ஸ்பெக்டர். விசாரணை நடத்திய பெரிய அதிகாரி ரமாகாந்த் குல்கர்னி...

'அதயா கேட்டேன்? செத்தவங்க யாருன்னு கேட்டேன்.'

எம்.ஏ. தமிழ் படித்தவள், பத்து வருஷமாக இயக்கத்தில் இருக்கிறவள், என்னிடம் பதில் இல்லை.

2

ஆயா ஏன் கேட்டாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தார். எனக்குச் சின்னத் தாத்தா முறை. பத்தொன்பது வயசில், 1966 வாக்கில், தோட்டத்துக் கணக்கரோடு கூலித் தகராறு வந்து மலையைவிட்டு இறங்கினார். சேலத்தில் ரயிலேறி பம்பாய் போய்ச் சேர்ந்தார். மூட்டை தூக்கும் வேலை. இரண்டு தடவை மணியார்டர் வந்தது. அதனோடு வருகிற துண்டுக் காகிதத்தில் யாரோ எழுதிக் கொடுத்த நாலு வரி: வேலை கிடைக்கிறது, படுக்கை ரோட்டோரம்தான், மழைக்கு முன்னே ஊருக்கு வரப் பார்க்கிறேன். இரண்டாவது துண்டு 1968 மழைக்கு முந்தியது. அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

என் தாத்தா கீழே இறங்கி ஒரு காவல் நிலையத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார். பம்பாயில் காணாமல் போனவனுக்கு இங்கே என்ன மனு என்று விரட்டிவிட்டார்கள். அதோடு முடிந்தது. கருமாதியும் செய்யவில்லை, உயிரோடு இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. ஐம்பத்தேழு வருஷத்துக்கு மேல் அந்த இரண்டு துண்டுக் காகிதமும் ஒரு தகர டப்பாவில் இருக்கின்றன.

சின்னத் தாத்தாவை ராமன் ராகவ் கொன்றான் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ரயிலில் அடிபட்டிருக்கலாம், காய்ச்சல் வந்து போயிருக்கலாம், வேறு எங்கேயோ குடும்பம் கட்டி வாழ்ந்தும் இருக்கலாம். நான் சொல்வது ஒன்றுதான். அவர் அந்தச் செத்தவர்களில் ஒருவரா இல்லையா என்று பார்க்க வேண்டுமென்றால் பார்ப்பதற்கு ஒரு பட்டியல் வேண்டும். இந்தியாவில் அதிகம் பேசப்பட்ட தொடர்கொலை வழக்கு இது. புத்தகம் வந்திருக்கிறது. 1991இல் ஸ்ரீராம் ராகவன் ரகுவீர் யாதவை வைத்து ஒரு படம் எடுத்தார். 2016இல் நவாசுதீன் சித்திக்கி நடித்த படம் கான் திரைவிழா சமயத்தில் அங்கே திரையிடப்பட்டது. இவ்வளவுக்கு நடுவில் செத்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று என் கைக்கு எங்கேயும் கிடைக்கவில்லை.

3

வழக்கின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1965-66இல் பம்பாய் ரயில் பாதையை ஒட்டிய கிழக்குப் புறநகர்களில் ராத்திரி தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மண்டையில் அடிபட்டுச் சாகிறார்கள். பத்தொன்பது பேர் தாக்கப்பட்டதாகவும் அதில் ஒன்பது பேர் செத்ததாகவும் கணக்கு. எல்லாரும் குடிசையிலும் நடைபாதையிலும் படுத்திருந்த ஜனம். அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த ராமன் ராகவைப் போலீஸ் அப்போதே பிடித்தது. ஏற்கெனவே கொள்ளை வழக்கில் ஐந்து வருஷம் ஜெயிலில் இருந்தவன். ஆனால் கொலைக்குச் சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். 1968இல் வடக்குப் புறநகர்களில் மறுபடியும் அதே மாதிரிச் சாவுகள்.

1968 ஆகஸ்ட் 27ஆம் தேதி ஃபியால்ஹோ தன்னிடமிருந்த போட்டோவை வைத்து அவனை அடையாளம் கண்டார். காக்கி அரைக்கால் சட்டை, புஷ் சட்டை, கையில் ஈரக் குடை. அந்தப் பக்கம் மழை இல்லை, குடை மட்டும் நனைந்திருந்தது. கேட்டதற்கு மலாடு பக்கமிருந்து வருவதாகச் சொன்னான். அவனிடம் இருந்தவை: ஒரு மூக்குக் கண்ணாடி, இரண்டு சீப்பு, கத்தரிக்கோல், ஊதுபத்தி கொளுத்தும் தாங்கி, சோப்பு, பூண்டு, டீத்தூள், ஏதோ கணக்குப் போட்ட இரண்டு காகிதம். துணியில் ரத்தக்கறை இருந்தது. கறையை எடுத்துவிட்டுப் பார்த்தால் இது எந்த நடைபாதைக்காரன் பையிலும் இருக்கிற சாமான்தான். என் சின்னத் தாத்தாவின் பையிலும் ஒரு சீப்பும் சோப்பும் பூண்டும் இருந்திருக்கும்.

பிடிபட்டவன் பல நாள் வாய் திறக்கவில்லை. கோழிக்கறி கேட்டான். வாங்கிக் கொடுத்தார்கள். தலைக்கு எண்ணெய், சீப்பு, கண்ணாடி கேட்டான். கொடுத்தார்கள். பிறகு பேசினான். கூட்டிப்போய், புதரில் ஒளித்துவைத்திருந்த வளைந்த இரும்புக் கம்பியையும் கத்தியையும் காட்டினான். சினிமாக்காரர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் இந்தக் கோழிக்கறி ரொம்பப் பிடித்துப்போனது. இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்களில் கோழிக்கறியை விட்டவர் அபூர்வம்.

எத்தனை பேரைக் கொன்றான்? 23 என்பார் உண்டு, 41 என்பார் உண்டு. இரண்டுக்கும் நடுவில் பதினெட்டு உயிர். ஒரு மேல்தட்டுக் குடியிருப்பில் பதினெட்டுப் பேர் செத்தார்களா இல்லையா என்பது இப்படிக் குத்துமதிப்பாக விடப்பட்டிருக்குமா? பெயரில்லாத, ரேஷன் கார்டு இல்லாத, தேடி வர ஆளில்லாத பிணம் என்பதால் எண்ணிக்கையும் தேவைப்படவில்லை.

நீதிமன்றத்துக்கு வந்தது இரண்டு கொலைகள்தான். மலாடு பக்கம் சிஞ்சவலி கிராமத்தில் செத்த இரண்டு பேர். ஒருவனைத் தூக்கில் போட இரண்டு பிணம் போதும். ஆகவே அந்த இருவர் பெயர் மட்டும் தீர்ப்பில் நிற்கிறது. மற்றவர்கள் 'மற்றும் பலர்'.

4

கொலைகாரன் தமிழன். தென்னிந்தியாவில் பிறந்து வளர்ந்தவன் என்கிறது மருத்துவர்களின் அறிக்கை. அண்ணா, தம்பி, வேலுசாமி என்றெல்லாம் அவனுக்கு மாற்றுப் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. 1966 ஜூன் 19இல்தான் பம்பாயில் சிவசேனை தொடங்கியது. அதன் முதல் எதிரி தென்னிந்தியர்கள், அதாவது 'மதராஸி'. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குப் பிழைக்கப் போன நம் சனங்கள் லுங்கி கட்டிக்கொண்டு தெருவில் நடக்க யோசித்த காலம். அந்தச் சமயத்தில் நகரமே பயந்து நடுங்கிய கொலைகாரன் தமிழ்ப் பெயர்களோடு பிடிபடுகிறான். நடைபாதையில் படுத்திருந்த தமிழ்க் கூலி இரண்டு பக்கமும் பயப்பட வேண்டியிருந்திருக்கும். கம்பியோடு வருகிறவனுக்கும் பயம், 'நீயும் அவன் ஜாதிதானே' என்று கேட்கிறவனுக்கும் பயம். இதை எந்தப் படமும் காட்டியதில்லை.

பார்த்த மாத்திரத்தில் ஒருவனைக் குற்றவாளி என்று அறிகிற போலீஸ் கண் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. தொடர்கொலைகாரனும் அவனை விசாரிக்கும் அதிகாரியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் கதையை நாம் அமெரிக்கப் படங்களிலிருந்து வந்த சரக்கு என்று நினைக்கிறோம். அது இந்திய மண்ணில் வெள்ளைக்காரன் சமைத்த பழைய சரக்கும்கூட. 1830களில் ஸ்லீமன் என்கிற கம்பெனி அதிகாரி 'தக்கர்' ஒழிப்புக்கென்று தனி இலாகா நடத்தினான். பிடிபட்டவர்களில் சிலரை அப்ரூவராக்கி, அவர்கள் வாயிலிருந்து கொலைக் கதைகளைக் கறந்து பதிவு செய்தான். 1839இல் மெடோஸ் டெய்லர் அதையே நாவலாக்கினான். கொலைகாரன் அமீர் அலி சொல்லிக்கொண்டே போகிறான், வெள்ளைக்கார அதிகாரி கேட்டுக்கொண்டே இருக்கிறான். லண்டனில் அந்தப் புத்தகத்துக்கு ஏகப்பட்ட கிராக்கி. கழுத்தில் துணி இறுகிச் செத்த வழிப்போக்கன் அங்கேயும் வெறும் எண்ணிக்கைதான்.

தனி ஆளைப் பற்றிய அந்தக் கதை பிறகு கூட்டங்களைப் பற்றிய சட்டமாச்சு. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம். 1911 சட்டத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அமலுக்கு வந்தது. குறவர் முதலிய சனங்கள் பிறக்கும்போதே குற்றவாளி ஆனார்கள். சட்டத்தை 1952இல் ரத்து செய்தார்கள். போலீஸ் கண்ணில் அது ரத்தாகவில்லை.

ஆயா போலீஸ் வரும் காட்சியில் ஏன் கைதட்டவில்லை என்பதும் இங்கேதான் வருகிறது. 1992 ஜூன் 20ஆம் தேதி தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் என்ன நடந்தது? சேர்வராயன் மலையில் இருக்கிற அதே மலையாளிப் பழங்குடிகளின் ஊர். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து போனார்கள். பதினெட்டுப் பெண்களை நாசப்படுத்தினார்கள், ஊரையே சூறையாடினார்கள். குற்றவாளிகள் 269 பேர், அத்தனை பேரும் அரசாங்க ஊழியர்கள். தண்டனை வர 2011 ஆச்சு. உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆச்சு. மலையில் இருக்கிறவளுக்கு ஜீப் சத்தம் கேட்டால் காப்பாற்ற வருகிறார்கள் என்று தோன்றுமா? காஷ்யப் தன் படத்தில் கொலைகாரனும் போலீஸ்காரனும் ஒரே ஆளின் இரண்டு பாதி என்று காட்டுகிறார். கொலைகாரன் பெயர் ரமன்னா, போலீஸ்காரன் பெயர் ராகவன். பழைய பெயரை இரண்டாக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறார். ஆங்கிலப் பத்திரிகைகள் அதைத் துணிச்சல் என்று பாராட்டின. வாச்சாத்திக்காரர்களுக்கு அது 1992லேயே தெரியும்.

5

1968ஐ நினைத்தால் நமக்கு இன்னொரு பெயர் வராமல் இருக்காது. ராமன் ராகவ் பிடிபட்ட 120ஆம் நாள், டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணி.

கூலியாகக் கொஞ்சம் நெல் கூடக் கேட்டதற்காக, செங்கொடியை இறக்க மாட்டோம் என்றதற்காக, ஒரு சின்னக் குடிசைக்குள் ஒடுங்கியிருந்த 44 பேரை மிராசுதார்களின் ஆட்கள் வைத்துக் கொளுத்தினார்கள். பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள். 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. சொந்தமாகக் கார் வைத்திருக்கிற பணக்கார மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்று நீதிபதிகளுக்குத் தோன்றியது.

இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பம்பாயில் குடிசை ஜனத்தைக் கொன்றவன் ஒண்டி ஆள், அவனும் ரோட்டில் படுக்கிறவன், நீதிமன்றத்தில் 'ஆமாம், நான்தான் கொன்றேன்' என்றவன். கீழ்வெண்மணியில் குடிசை ஜனத்தைக் கொன்றவர்கள் நிலமும் சங்கமும் சாதியும் உள்ளவர்கள், புத்தி தெளிவாக இருந்தவர்கள். முதல்வனுக்குத் தூக்கு. இரண்டாமவர்களுக்கு விடுதலை. முதல் வழக்குக்கு 'தொடர்கொலை' என்று பெயர். இரண்டாவதுக்கு 'கூலித் தகராறு' என்று பெயர். முதல்வனின் மனசுக்குள் என்ன ஓடியது என்று அறிய மருத்துவர் குழு போட்டார்கள், படம் எடுத்தார்கள். பூட்டிய குடிசைக்குத் தீ வைக்கிறவன் மனசுக்குள் என்ன ஓடும் என்று அறிய எந்தக் குழுவும் போடவில்லை. சாதி வெறியை நம் சினிமா இன்னும் மனநோய் என்றுகூட நினைக்கவில்லை. அதை வீரம் என்றும் மானம் என்றும் பாட்டு வைக்கிறது.

மருத்துவர் குழு என்றேன், அதையும் சொல்ல வேண்டும். விசாரணை 1969 ஜூனில் தொடங்கியபோது எதிர்த்தரப்பு வக்கீல் இவனுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்றார். போலீஸ் சர்ஜன் ஏறக்குறைய ஒரு மாதம் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறான் என்று எழுதிக் கொடுத்தார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவன் அப்பீல் செய்யவில்லை. தண்டனையை உறுதிப்படுத்தும் முன்னால் உயர்நீதிமன்றம் மூன்று மனநல மருத்துவர்கள் கொண்ட குழுவை அமைக்கச் சொன்னது. அவர்கள் ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பேசிப் பார்த்தார்கள். நாள்பட்ட மனச்சிதைவு நோய், இது குணமாகாது என்றார்கள். வழக்கு 1975இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1987இல் தூக்கு ஆயுள் தண்டனையானது. 1995இல் புனேயில் சசூன் ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் கெட்டுச் செத்தான்.

அவனைத் தூக்கில் போட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நோயாளியைக் கொல்வது நீதியாகாது. நான் பார்ப்பது வேறு. இருபத்தேழு வருஷம் இந்த அரசாங்கத்தின் ஏட்டில் அவனுடைய ஒவ்வொரு பேச்சும் பதிவாகியிருக்கிறது. அகில உலகமும் தன்னை மாற்றப் பார்க்கிறது என்று அவன் பிதற்றியதுகூடப் பதிவு. அவன் கையால் செத்த கிழவி தூங்கப்போகும் முன் என்ன சாப்பிட்டாள், எந்த ஊர்க்காரி, யாருக்கு அம்மா என்று ஒரு வரி இல்லை.

கீழ்வெண்மணியில் அப்படியில்லை. அங்கே நீதி கிடைக்கவில்லை. ஆனால் பெயர்கள் கிடைத்தன. கட்சியும் ஊர்ச்சனமும் 44 பேரின் பெயரையும் எழுதிவைத்தார்கள். நினைவிடம் எழுப்பினார்கள். வருஷா வருஷம் டிசம்பர் 25இல் அங்கே போய் நிற்கிறோம். கொன்றவன் பெயரைவிடச் செத்தவர்கள் பெயரைத்தான் அங்கே வாசிக்கிறோம். பம்பாய் நடைபாதைச் சனத்துக்குக் கட்சி இல்லை, சங்கம் இல்லை, ஒரே ஊர்க்காரன்கூட இல்லை. ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு பாஷை. ஆகவே கல்லும் இல்லை.

6

இது பழங்கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று சொல்பவர்களுக்கு நொய்டா பக்கத்து நிதாரி ஒன்று போதும்.

2006 டிசம்பர் கடைசியில் அங்கே ஒரு பணக்கார வீட்டுக்குப் பின்னால் சாக்கடையில் எலும்புகள் கிடைத்தன. அதற்கு முன்னால் இரண்டு வருஷமாகப் பிழைக்க வந்த ஏழைகளின் பிள்ளைகள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். பெற்றவர்கள் போலீஸ் வாசலில் நின்றார்கள். உன் மகள் யாரோடாவது ஓடியிருப்பாள் போ என்ற பதில்தான் பலருக்குக் கிடைத்தது. என் தாத்தாவுக்குக் கிடைத்த பதிலின் இன்னொரு பாஷை. பிறகு வழக்கு, தூக்குத் தண்டனை, டிவி விவாதம். 2024இல் இதை வைத்து 'செக்டர் 36' என்று படமும் வந்தது. அதிலும் ஒரு கொலைகாரன், ஒரு போலீஸ்காரன். ஆனால் 2023 அக்டோபரில் அலகாபாத் உயர்நீதிமன்றம் விசாரணை நடந்த லட்சணத்தைக் கண்டித்து 12 வழக்குகளில் வீட்டு வேலைக்காரரை விடுவித்தது. வீட்டு முதலாளியும் விடுதலை. 2025 நவம்பரில் மிச்சமிருந்த ஒரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வேலைக்காரரை விடுவித்துவிட்டது. சட்டப்படி இன்று அந்தப் பிள்ளைகளைக் கொன்றவர் யாரும் இல்லை.

இனி இதை எப்படிப் படம் எடுப்பார்கள்? கொலைகாரன் இல்லை, அவனைப் பிடித்த கெட்டிக்காரப் போலீசும் இல்லை. அந்தச் சட்டகத்தில் கதையே இல்லாமல் போய்விட்டது. ஆனால் பிள்ளைகள் செத்தது செத்ததுதானே. தேடி அலைந்த அம்மாக்கள் இருக்கிறார்கள். கதை எப்போதும் அவர்களிடம்தான் இருந்தது, கேட்கத்தான் யாரும் போகவில்லை.

7

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரமங்கலத்தில் கரும்பலகையில் இரண்டு பெயர் எழுதினேன். 1975 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிற, சிஞ்சவலியில் செத்த அந்த இரண்டு பேரின் பெயர். இரண்டும் வடநாட்டுப் பெயர். பிள்ளைகளை ஒருதடவை சத்தமாக வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்கள். ஒரு பையன், 'இவங்க என்ன வேலை செஞ்சாங்க அக்கா?' என்றான். போன வாரம் அவன்தான் 'அந்தக் கம்பி எப்படி வளைஞ்சிருக்கும்' என்று கேட்டவன்.

ஆயாவிடம் சொன்னேன். 'ரெண்டு பேரு கெடச்சுது ஆயா.'

'நம்மாளு இல்லையா?'

'இல்ல.'

'பரவால்ல. அவங்களுக்கும் யாராச்சும் அக்கா இருந்திருப்பா.'

தலித் வரலாறு எழுதுகிறோம் என்கிறோம். பூனா ஒப்பந்தம் எழுதுகிறோம், அயோத்திதாசரைப் பதிப்பிக்கிறோம். வேண்டியதுதான். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நம் சேரிகளிலும் லைன் வீடுகளிலும் பம்பாய்க்கும் பெங்களூருக்கும் கோலாருக்கும் கொழும்புக்கும் மலேயாவுக்கும் போய்த் திரும்பாதவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் எண்பது வயசில் இருக்கிறார்கள். இன்னும் பத்து வருஷம் போனால் கேட்பதற்கும் ஆள் இருக்காது. பெயர், ஊர், போன வருஷம், போன காரணம், கடைசியாக வந்த சேதி, உடம்பில் இருந்த தழும்பு, மச்சம். இவ்வளவுதான் எழுத வேண்டும். மாணவர்கள் செய்யலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அது நீதிமன்றத்தில் செல்லாமல் போகலாம். ஆனால் நாளைக்கு எந்த ஊர்ப் பழைய ஏட்டிலாவது 'அடையாளம் தெரியாத பிணம்' என்று ஒரு வரி கிடைத்தால், அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம் கையில் ஒரு வரியாவது இருக்கும்.

மாரமங்கலத்தில் தொடங்கிவிட்டோம். முதல் பக்கத்தில் சின்னத் தாத்தா. இடது புருவத்துக்கு மேலே காப்பிச் செடி வெட்டும்போது கத்தி பட்ட தழும்பு இருந்தது என்று ஆயா சொல்லி எழுதினேன். அந்த மணியார்டர் துண்டுகளைக் கேட்டபோது மட்டும் யோசித்தாள். ஏற்காடு டவுனுக்குப் போய் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் டப்பாவைத் திறந்தாள்.